டிக்கெட் எடுத்தால் மலையேறலாம்... மாட்டோடு போனால் மட்டும் குற்றமா?

ஒவ்வொரு தேர்தலுக்கும் தேனி மாவட்டத்திலிருந்து ஒரு போட்டோ கட்டாயம் வரும். வாக்குப்பதிவு இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு குதிரை மலையேறும். பின்னால் ஒரு போலீஸ்காரர். அவருக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு தேர்தல் அலுவலர். போடி, பெரியகுளம் பக்கத்து மலைக்கிராமங்களுக்குப் போகும் படம் அது. எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க் ஆட்கள் அதற்கு உருக்கமாக ஒரு கேப்ஷன் போட்டு அப்லோடு செய்துவிடுவோம். நல்லா ஷேர் ஆகும். அதோடு சரி, அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தக் குதிரையை யாரும் தேட மாட்டோம்.

மற்ற நாட்களில் அந்தக் குதிரை சும்மா நிற்பதில்லை. காபிக்கொட்டை, ஆரஞ்சு, எலுமிச்சை, இலவம் காய் என்று மலையில் விளைவதையெல்லாம் கீழே கொண்டுவரும். திரும்பிப் போகும்போது அரிசி மூட்டை, மளிகைச் சாமான். அகமலைப் பக்கம் ஊத்துக்காடு மாதிரியான ஊர்களுக்கு அந்தக் குளம்புப் பாதைதான் பல தலைமுறைகளாக மெயின் ரோடு.

அதே மலையடிவாரத்தில் இன்னொரு குளம்புப் பாதையும் இருக்கிறது. மலைமாடுகள் ஏறும் பாதை. அதைப் பற்றித்தான் கடந்த சில வருடங்களாகச் சண்டை. கோர்ட் உத்தரவு, மறியல், கைது, அரசியல் கட்சி போராட்டம் எல்லாம் வந்துவிட்டது. குதிரை போனால் நெகிழ்ச்சியான செய்தி, மாடு போனால் வனக்குற்றம். விஷயம் தெரியுமா? 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இந்த இரண்டும் வேறு வேறு இல்லை. கால்நடை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தில் மாடு, எருமை, ஆடு, குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாமே ஒரே வரியில் வருகின்றன. வாத்து, கோழிகூட இருக்கின்றன. ஆக, இன்றைக்கு மாட்டுக்கு மூடப்படும் கேட், நாளைக்குக் குதிரைக்கும் மூடப்படலாம். அதனால் மாட்டுக்காரர்களின் இந்தச் சண்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

மாடு எதுக்குங்க மலைக்குப் போகணும்?

சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இது நியாயமான கேள்விதான். கீழேயே புல் போட்டு வளர்க்கக் கூடாதா?

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி திறக்க வேண்டும் என்பது வழக்கம். திறந்ததும் நாற்றங்கால், உழவு, நடவு என்று பள்ளத்தாக்கே பச்சையாக மாறிவிடும். மனுஷனுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் நூறு மாடு வைத்திருப்பவருக்கு அந்தப் பச்சையில் ஓர் அடி வைக்க இடம் கிடையாது. வரப்பில் வாய் வைத்தாலே பஞ்சாயத்துதான். அதே நேரத்தில் தென்மேற்குப் பருவமழை தொட்டு மலையில் புல் எழும்பும். மாடு மேலே போகும். அறுப்பு முடிந்ததும் கீழே இறங்கி வரும், வயலில் கிடை போடுவார்கள்.

கிடை என்றால் தெரியாதவர்களுக்கு: அறுத்த வயலில் ராத்திரி முழுக்க மாடுகளை மடக்கி வைப்பது. சாணமும் மூத்திரமும் அப்படியே மண்ணில் சேரும். அதற்கு வயல்காரர் மாட்டுக்காரருக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். எங்க அம்மாச்சி வயலில் கிடை போட்ட வருஷம் வீட்டில் உரக்கடைக் கணக்கு குறையும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது ‘ரீஜெனரேட்டிவ் ஃபார்மிங்’ என்று கன்சல்டன்ட்கள் பவர்பாயின்ட் போட்டுச் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அதாவது மலை, மாடு, வயல் மூன்றும் ஒரே சுற்று. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கல் அன்று போய்ப் பாருங்கள், கூட்டம் தாங்காது. மாட்டைக் கும்பிடும் ஊர் இது. அந்த மாடு எங்கே மேயும் என்பது மட்டும் யாருக்கும் சம்பந்தமில்லாத விஷயமாகிவிட்டது.

2022 மார்ச்: ஒரே மாதத்தில் இரண்டு உத்தரவு

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது காப்பகம். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வைகைக்குத் தண்ணீர் தரும் மலை அது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது, எனக்கும் இல்லை.

அடுத்த வருடம், மேகமலை வனப்பகுதியில் மாடு மேய்ப்பதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டின் எந்தக் காட்டிலும் கால்நடை மேய்க்கக் கூடாது. தேனிக்காரர்கள் மட்டும் இல்லை, ஈரோடு பர்கூர் மலையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள்வரை ஆடிப்போனார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அதே மார்ச் மாதத்திலேயே உத்தரவு திருத்தப்பட்டது. தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகிய இடங்களுக்கு மட்டும் என்று ஆனது.

பர்கூர்க்காரர்களுக்கு அப்போதைக்கு மூச்சு வந்தது. (2024 ஜனவரியில் அங்கேயும் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டு, அதே பயம் திரும்ப வந்தது வேறு கதை.) தேனிக்கு மட்டும் அந்தத் திருத்தத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் இங்கே மாடு ஏறும் மலையில் பெரும்பகுதி சரணாலயமோ புலிகள் காப்பகமோதான். அதற்கு வெளியே இருக்கும் காப்புக்காட்டுக்குள் போவதற்கும் அனுமதி சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது மாட்டுக்காரர்களின் புகார்.

2025 ஆகஸ்ட்டில் நாம் தமிழர் கட்சியின் சீமான் போடி பக்கம் மாடுகளோடு மலையேறும் போராட்டம் நடத்தினார், போலீஸும் வனத்துறையும் தடுத்தது, டிவியெல்லாம் லைவ் போட்டது. பிரச்சினை ஊர் உலகத்துக்குத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி டிபேட்டில் பேசியதெல்லாம் சீமானைப் பற்றி. மாட்டைப் பற்றிப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வனத்துறை சொல்வது பொய்யா?

இல்லை. இந்த இடத்தில் ‘பாரம்பரியம், பண்பாடு’ என்று சொல்லி நழுவிவிடக் கூடாது.

1968-ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் பரவி காட்டெருமைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வீட்டு மாட்டிடமிருந்து காட்டு மாட்டுக்கு நோய் தொற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அந்த நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்தாகிவிட்டது. ஆனால் கோமாரி இன்னும் இருக்கிறது, தோல் கழலை நோய் புதிதாக வந்திருக்கிறது. புதுப்புல் சீக்கிரம் வரவேண்டும் என்று காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அளவுக்கு மீறி மாடு மேய்ந்தால் மரக்கன்று எழும்பாது, மானுக்குப் புல் மிஞ்சாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மலைக்குள் போகும் மாடெல்லாம் மேய்ப்பவரின் மாடு இல்லை. வசதியான ஒருவர் கீழே இருந்துகொண்டு, கூலிக்கு ஆள் வைத்து மந்தையை மேலே அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அதையும் ‘ஏழை மேய்ப்பரின் உரிமை’ என்ற கணக்கில் சேர்த்தால், நிஜமான மேய்ப்பரின் வழக்குதான் பலவீனமாகும்.

இதெல்லாம் சரி. ஆனால் இவை எல்லாமே எத்தனை மாடு, எந்த மாதம், எந்தப் பாதை, ஊசி போட்டதா இல்லையா, யாருடைய மாடு என்ற கேள்விகள். ‘கூடவே கூடாது’ என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. கேள்வியையே தூக்கிப் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

மேய்ச்சலை நிறுத்தினாலே காடு தானாகச் செழிக்கும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்து நின்ற கிராம மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. அப்புறம் பார்த்தால், எருமை மேயாத நீர்நிலைகளில் புல் அடர்ந்து மண்டி, பறவைகளுக்கே இடம் இல்லாமல் போனது. மேய்ச்சல் அங்கே உதவியாகத்தான் இருந்தது என்று சொன்னது மாட்டுக்காரர் சங்கம் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பத்து வருட ஆய்வுக்குப் பிறகு. பரத்பூர் சதுப்பு நிலம், மேகமலை மழைக்காடும் புல்வெளியும். அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள் என்கிறேன்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால்...

நான் கொஞ்சம் ஆச்சரியப்பட்டது இங்கேதான். சரணாலயத்தில் மாடு மேய்க்கவே கூடாது என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. தேசியப் பூங்காவுக்குத்தான் அப்படி. அதிலும் ஒரு விதிவிலக்கு: அனுமதி பெற்றவர் வாகனமாகப் பயன்படுத்தும் விலங்கு உள்ளே போகலாம். நம்ம குதிரை தப்பித்தது!

சரணாலயத்துக்கு 33-வது பிரிவு. அங்கே மேய்ச்சலை ‘ஒழுங்குபடுத்தவோ, கட்டுப்படுத்தவோ, தடை செய்யவோ’ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. தடை என்பது மூன்றில் ஒன்று, அதுவும் கடைசி. அடுத்து வரும் 33-ஏ இன்னும் தெளிவு. சரணாலயத்துக்கு உள்ளேயும், அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். ஊசி போடாத கால்நடையை உள்ளே மேய்க்கக் கூடாது. ஊசி போட்ட மாடு உள்ளே வரலாம் என்று நினைத்துதானே இப்படி எழுதியிருக்க முடியும்?

புலிகள் காப்பகம் இரண்டு பகுதி: கோர், பஃபர். கோர் பகுதியை மனிதத் தொந்தரவு இல்லாமல் வைக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் சுற்றியிருக்கும் பஃபர் பகுதி எதற்கு என்று அதே சட்டம் 38-வி பிரிவில் சொல்கிறது. வன உயிர்களும் மனிதர்களும் சேர்ந்து வாழ்வதற்கு, அங்கே இருக்கும் மக்களின் வாழ்வாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளை மதித்து. எல்லையைத் தீர்மானிக்கும்போது கிராம சபையைக் கலந்து பேச வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அப்புறம் 2006-ம் வருட வன உரிமைச் சட்டம். பெரும்பாலானவர்கள் இதைப் பழங்குடியினருக்குப் பட்டா கொடுக்கும் சட்டம் என்றே நினைக்கிறோம். அதன் 3-வது பிரிவில் மேய்ச்சல் உரிமை பெயர் சொல்லியே இருக்கிறது. ஓரிடத்தில் இருந்து மேய்ப்பவர்களுக்கும் உண்டு, பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் உண்டு. சமூக உரிமையாக, கிராம சபை வழியாகக் கேட்க வேண்டும். பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தேனி மாட்டுக்காரர்களில் பலருக்கு இதுதான் சிக்கல். அவர்கள் பழங்குடியினர் இல்லை. வீடு கீழே, மேய்ச்சல் மேலே. கஷ்டமான கேஸ்தான், ஆனால் கேட்கவே முடியாத கேஸ் இல்லை.

இந்த உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முதலில் விசாரித்து முடித்துவிட்டு, பிறகு தடையா கட்டுப்பாடா என்று பேசியிருக்க வேண்டும். தேனியில் வரிசை தலைகீழாகிவிட்டது. தமிழ்நாட்டிலேயே இந்தச் சட்டம் லேட். 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட ஓர் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது பல வருடம் முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் அந்தத் தடை விலகியது. விசாரணை தவழ்ந்துகொண்டிருக்கும்போதே கேட்டை இழுத்துச் சாத்திவிட்டோம்.

குரங்கணி சொல்லிக்கொடுத்த பாடம்

2018 மார்ச் 11. போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ. ட்ரெக்கிங் போன 23 பேர் இறந்துபோனார்கள். எங்கள் வயது ஆட்கள் நிறைய பேர். மறக்கக்கூடிய நாளா அது?

அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது? ட்ரெக்கிங்குக்கு விதிகள் கொண்டுவந்தது. பாதைகளை வகைப்படுத்தியது. உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. ஆன்லைனில் புக்கிங், கட்டணம், கூடவே வழிகாட்டி, காட்டுத்தீ காலத்தில் பாதை மூடல். அந்த 40-ல் குரங்கணி - சாம்பலாறும் ஒன்று. என்னைக் கேட்டால் நல்ல திட்டம். காடு என்றால் என்ன என்று நகரத்துப் பிள்ளைகள் நடந்து தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் கவனியுங்கள். இத்தனை உயிர் போன ஒரு பழக்கத்தை அரசு நிரந்தரமாகத் தடை செய்யவில்லை. எண்ணிக்கை, பருவம், பாதை, பொறுப்பாள் என்று வரையறுத்துத் திறந்துவிட்டது. அந்த நான்கையும் மாட்டுக்குப் போட முடியாதா? கிராமத்துக்கு இத்தனை மாடு, காதில் டேக், ஊசி போட்ட அட்டை, இந்தப் பாதையில் ஏறி இந்த ஓடைவரை, இந்த மாதம் முதல் இந்த மாதம்வரை, யார் மாட்டுக்கு யார் பொறுப்பு. வனத்துறை முன்பு பணம் கட்டிக்கொண்டு மேய்ச்சல் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்ததுதானே? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், ட்ரெக்கர் ஆன்லைனில் டிக்கெட் எடுப்பார், ரீல்ஸ் போடுவார், டேக் செய்வார். மாட்டுக்காரர் அதிகாரி வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். (நான் முதல் வகை ஆள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இத்தனைக்கும் நாம் காசு கொடுத்து நடக்கும் மலைப்பாதைகளில் எத்தனையோ, முதலில் மாடும் குதிரையும் சுமைதூக்குபவர்களும் மிதித்துப் போட்டவை. குரங்கணிக்கு மேலே ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. ரயிலும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறக்கிய காலத்தில் நடுவில் இருந்த நிலையம் அது. ரோப்வே போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, பாதையும் நின்றுவிட்டது.

மேப்பில் இல்லாத பாதை

பாதை நின்றால் மட்டும் போதாது, பதிவாகியிருக்கவும் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்துக் குதிரைக்காரர்கள் கதை ஒன்று. அங்கே ‘ப்ரைடில்வே’ என்று குதிரையேறிப் போவதற்கான பொதுப் பாதைகள் உண்டு, தனியார் நிலத்துக்குள்ளேயும் போகும். 2000-ம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், பழைய பாதைகளை 2026 ஜனவரி 1-க்குள் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதியாவிட்டால் உரிமை போய்விடும் என்று கெடு வைத்தது. குதிரைச் சங்கத்தினரும் நடைப்பயணக்காரர்களும் ஆவணக் காப்பகங்களுக்குள் புகுந்தார்கள். நூறு, இருநூறு வருடப் பழைய வரைபடங்களையும் நில ஆவணங்களையும் புரட்டி, ‘இதோ, இந்தப் பாதை அப்போதே இருந்தது’ என்று ஒவ்வொன்றாக மனு போட்டார்கள். கெடு ஒருமுறை தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

அங்கே குதிரை பெரும்பாலும் பொழுதுபோக்கு. இங்கே மாடு பிழைப்பு. ஆனாலும் அவர்கள் கோஷத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, ஆதாரத்தையும் அடுக்கினார்கள். தேனி மாட்டுக்காரர்களுக்காகப் பேசும் கட்சிகளும் சங்கங்களும் இதுவரை அதிகம் செய்யாத வேலை அது.

வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதற்கு வழி விட்டிருக்கின்றன. சமூக உரிமைக்கு படிவம் ‘ஆ’. ஆதாரமாகப் பழைய அரசு ரசீதுகள், வன ஆவணங்கள் செல்லும். வழக்கமான மேய்ச்சல் இடங்களையே அடையாளமாகக் காட்டலாம். காட்டுக்குள் இருக்கும் பழைய கட்டுமானம், குளம், சாமி மரம், சுடுகாடு எதுவும் கணக்கில் வரும். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சாட்சி. மேய்ப்பர்களின் மனுவை விசாரிக்கும்போது அவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ நேரில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. மாடு மலையில் இருக்கும்போது கூட்டம் போட்டுவிட்டு ‘யாரும் வரலையே’ என்று ஃபைலை மூட முடியாது.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்று கிராம சபை கூடிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் வரி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசுகிறோம். மலையடிவார ஊராட்சிகளில் இந்தப் படிவத்தையும் ஒருமுறை மேசைக்குக் கொண்டுவரலாம். ஊரிலிருந்து வெளியே வந்து லேப்டாப்பில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம், ஜிபிஎஸ்ஸில் பாதையைக் குறித்துக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். தாத்தா பேரில், ரேஞ்சர் ஆபீஸ் முத்திரையோடு, பழுத்துப்போன மேய்ச்சல் பாஸ் ரசீது ஏதாவது மடித்து வைத்திருப்பார்கள். கரையான் அரிப்பதற்குள் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.